இடம், பொருள், ஏவல்: புளோரன்சு நகரக் கலைக்கூடங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

இத்தாலி நாட்டின் தசுக்கனிப் பகுதியில், ஆர்னோ ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்துள்ள புளோரன்சு நகரை மறுமலர்ச்சிக் கலையின் தாயகம் என்பர். ஊபிட்சி, அக்காதெமியா, பார்ஜெல்லோ, சான் மார்க்கோ என்று கால்நடையாகவே சென்று காணத்தக்க தொலைவில் அங்குக் கலைக்கூடங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் ஆண்டுதோறும் திரண்டு வந்து அவற்றைக் காண்கின்றனர். வருவோருள் பலர் இரண்டு நாள்களில் அனைத்தையும் பார்த்து முடித்துவிட்டதாக எண்ணித் திரும்புகின்றனர். அவர்கள் பார்த்தது எதனை என்னும் வினா மட்டும் விடையின்றி எஞ்சி நிற்கிறது.

இவ்வினா சுற்றுலாவைப் பற்றியதன்று. கலையின் உயிர்நிலையைப் பற்றியது. கோவிலில் வழிபடுவதற்கென்று தீட்டிய படத்தையும், நகரத்தின் பொதுவெளிக்கென்று செதுக்கிய சிலையையும், துறவியின் தனியறைக்கென்று வரைந்த சுவரோவியத்தையும் நுழைவுச்சீட்டு பெற்று வரிசையில் நின்று காண்பது அக்கலையைக் காண்பதாகுமா? ஆகாது என்பாரும் உளர். 1796ஆம் ஆண்டில், இத்தாலியின் கலைச்செல்வங்களைப் பிரெஞ்சுப் படையினர் பாரிசுக்குக் கொண்டு செல்வதைக் கண்டித்துக் கடிதங்கள் வரைந்த குவாத்ரமேர் தெ கின்சி என்னும் அறிஞர், கலைப்பொருளை அது பிறந்த சூழலிலிருந்து பெயர்ப்பது அதனைச் சிதைப்பதற்கு ஒப்பாகும் என்று வாதிட்டார். 1923இல் அருங்காட்சியகங்களின் சிக்கல் குறித்து எழுதிய பிரெஞ்சுக் கவிஞர் போல் வலேரி, கட்டடக்கலையாகிய தாயை இழந்த பிள்ளைகளாக ஓவியமும் சிற்பமும் கலைக்கூடத்தில் கைவிடப்பட்டுக் கிடப்பதாகக் கருதினார். கலைக்கூடங்கள் இல்லையேல் இன்று காண்பதற்கு எதுவுமே எஞ்சியிராது என்பது எதிர்க்கட்சியினர் வாதம். இவ்விரு கட்சியினரும் தத்தமக்குச் சான்று தேடும் நகரமாகப் புளோரன்சு விளங்குகிறது.

தமிழில் ‘இடம், பொருள், ஏவல்’ என்றொரு வழக்கு உண்டு. பேசுவோன் இம்மூன்றையும் அறிந்து பேச வேண்டும் என்பது முன்னோர் கண்ட நெறி. கலையைக் காண்போனுக்கும் இம்மூன்றும் உரைகல்லாக அமையத்தக்கவை. ஒரு படைப்பு எவ்விடத்திற்கென்று ஆக்கப்பட்டது, அது உணர்த்த வந்த பொருள் யாது, யாருடைய ஏவலால் அது பிறந்தது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பிப் பார்த்தால், கலைக்கூடம் எதனைக் காத்தது, எதனை இழந்தது என்பது தெளிவாகும்.

அலுவலகம் கலைக்கூடமான வரலாறு

முதற்கண் ஊபிட்சியை நோக்குவோர் அதன் பெயரிலேயே ஒரு வியப்பைக் காண்பர். ‘ஊபிட்சி’ என்னும் இத்தாலியச் சொல்லுக்கு ‘அலுவலகங்கள்’ என்பதே பொருள். கோமகன் முதலாம் கோசிமோ தம் ஆட்சித் துறைகளையெல்லாம் தம் கண்பார்வையில் ஒரே கட்டடத்தில் குவிக்க எண்ணினார். 1560ஆம் ஆண்டில் வசாரி என்னும் ஓவியரும் கட்டடக் கலைஞருமான அறிஞர் அப்பணியைத் தொடங்கினார். கோசிமோவின் மகன் பிரான்செசுக்கோ மேல்தளத்தில் தம் குடும்பச் செல்வங்களை அடுக்கினார். 1580களில் எண்கோண வடிவில் சிப்பிகள் பதித்த குவிமாடத்துடன் ‘திரிபூனா’ என்னும் அறை எழுந்தது. அங்கு வைக்கப்பட்டவை கலைப்பொருள்கள் மட்டுமல்ல; மெடிச்சி குடும்பத்தின் பெருமையும் அங்கேதான் கொலுவிருந்தது.

வட்டித் தொழிலால் செல்வம் பெருக்கி, வணிகர் நிலையிலிருந்து கோமக்கள் நிலைக்கு உயர்ந்த அக்குடும்பம் 1737இல் ஆண்வழி அற்றுப்போயிற்று. ஆட்சி லொரேன் குடும்பத்தாரிடம் சென்றது. அந்நிலையில் மெடிச்சி மரபின் இறுதிப் பெண்மணியான அன்னா மரியா லூயிசா ஓர் உடன்படிக்கை செய்தார். தம் குடும்பத்தின் கலைச்செல்வங்கள் அனைத்தையும் தசுக்கனி அரசுக்கு அளித்த அவர், அவற்றுள் ஒன்றுகூடத் தலைநகரை விட்டு வெளியே செல்லலாகாது என்று விதித்தார். நாட்டின் அணிக்காகவும், மக்களின் நன்மைக்காகவும், அயல்நாட்டாரை ஈர்ப்பதற்காகவும் அவை அங்கேயே இருக்க வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். 1769இல் பீட்டர் லியோபோல்டு ஊபிட்சியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்.

ஆட்சி மாறும்போது கருவூலம் கலைவது வரலாற்றில் வழக்கம். ஒரு பெண்ணின் ஏவல் அவ்வழக்கத்தைத் தடுத்து நிறுத்தியது. நெப்போலியன் காலத்தில் ‘மெடிச்சி வீனசு’ என்னும் பழம்பெரும் சிலை பாரிசுக்குச் சென்று, அவர் வீழ்ந்த பின்னரே ஊர் திரும்பியது என்பது உண்மையே. ஆயினும் பெருந்தொகுதி அவ்வூரிலேயே நின்றது. மன்னர்தம் செருக்குக்குத் தோன்றிய தொகுப்பு மக்களின் உடைமையானதைக் கலைக்கூடத்தின் கணக்கில் வரவாகவே எழுத வேண்டும்.

மூன்று அன்னையர்

ஊபிட்சியின் தொடக்கப் பகுதியில் ஒரே கூடத்தில் மூன்று பேரோவியங்கள் நிற்கின்றன. மூன்றின் பொருளும் ஒன்றே. குழந்தை இயேசுவை மடியிலேந்தி, வானதூதர் சூழ அரியணையில் வீற்றிருக்கும் கன்னி மரியாள். ஒன்றை வரைந்தவர் சிமாபுவே, மற்றொன்றைத் துச்சோ, மூன்றாவதை ஜியோட்டோ. சாந்தா திரினிதா, சாந்தா மரியா நொவெல்லா, ஒஞ்ஞிசாந்தி என்னும் மூன்று தனித்தனிக் கோவில்களிலிருந்து வந்தவை இவை.

சிமாபுவேயின் அன்னை பொன்வெளியில் மிதக்கிறாள். அவள் ஆடையில் ஓடும் பொற்கோடுகள் உடலின் வடிவைக் காட்டவில்லை. தெய்விக ஒளியைக் காட்டுகின்றன. துச்சோவின் அன்னையிடம் மென்மை மிகுகிறது. அவள் ஆடையின் பொன்விளிம்பு வளைந்து நெளிந்து இறங்கும் அழகு தனியே நின்று நோக்கத்தக்கது. ஏறத்தாழ 1310ஐ ஒட்டி வரைந்ததாகக் கருதப்படும் ஜியோட்டோவின் ஓவியத்திலோ அன்னை மிதக்கவில்லை, அமர்ந்திருக்கிறாள். நீல ஆடைக்கடியில் முழங்கால்களின் புடைப்புத் தெரிகிறது. உடலுக்கு எடை உண்டு. அரியணைக்கு ஆழம் உண்டு. அதன் பக்கத்துத் திறப்பின் வழியே, பின்னால் நிற்போர் முகங்கள் தெரிகின்றன. வானத்திலிருந்த தெய்வம் மண்ணில் வந்து அமர்ந்த அந்த மாற்றமே பின்வந்த இருநூறாண்டுக் கலைக்கு வித்து.

இவ்வுண்மையை மூன்று கோவில்களுக்குத் தனித்தனியே சென்று உணர்வது எளிதன்று. ஒன்றன் நினைவு மற்றொன்றைக் காண்பதற்குள் மங்கிவிடும். மூன்றையும் ஒரே பார்வையில் நிறுத்தி ஒப்புநோக்க வைத்தது கலைக்கூடம். ஒப்பீடே திறனாய்வின் முதற்கருவியாதலின், கலைக்கூடத்தைத் திறனாய்வின் பள்ளி எனலாம். துச்சோவின் இப்படைப்பையே வசாரி தம் நூலில் சிமாபுவேயின் படைப்பென்று எழுதிவைத்தார் என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது. பின்னாளில் ஆய்வுக்கு வந்த ஒப்பந்தமும், இரு ஓவியர்தம் பாணிகளை அறிஞர் ஒப்பிட்டறிந்த அறிவும் சேர்ந்தே அப்பிழையைத் திருத்தின.

ஆயின் அவ்வொப்பந்தமே இழப்பையும் எடுத்துரைக்கிறது. 1285ஆம் ஆண்டில் அந்த ஓவியத்தை வரையுமாறு துச்சோவைப் பணித்தவர்கள் செல்வரோ மன்னரோ அல்லர். அன்னையின் புகழ்ப்பாடல்களைக் கூடிப் பாடுவதற்கென்று அமைந்த பொதுமக்கள் குழுவினர். படைப்பு தங்கள் மனத்திற்கு நிறைவு தராவிடில் ஏற்க மாட்டோம் என்று எழுதி வாங்கும் அளவுக்கு அவர்கள் விழிப்புடன் இருந்தனர். ஏறத்தாழ நாலரை மீட்டர் உயரமுள்ள அப்பலகையின் முன் விளக்கேற்றிப் பாடுவதே அவர்தம் வழிபாடு. மேலிருந்து குனிந்து நோக்கும் அன்னையின் முகம், கீழே நின்று பாடுவோர்க்கென்று அமைந்தது. இன்று அவ்வோவியம் நன்கு ஒளியூட்டப்பெற்று, தூசு நீங்கித் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் பாடல் இல்லை. இடம் பெயர்ந்தது, ஏவியோர் மறைந்தனர், பொருள் மட்டும் ஊமையாய் நிற்கிறது. இசைக்கென்று எழுந்த ஓவியத்தை அமைதியில் காண்கிறோம் என்னும் உணர்வேனும் காண்போர்க்கு இருத்தல் வேண்டும்.

தாவீது நின்ற இடங்கள்

இடம் மாறினால் பொருளும் மாறும் என்பதற்கு மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலையினும் சிறந்த சான்று காண்டல் அரிது. வேறு சிற்பிகள் தொடங்கிக் கைவிட்டதால் பல்லாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பளிங்குப் பாளத்திலிருந்து, 1501 முதல் 1504 வரை உழைத்து அவர் இச்சிலையை வடித்தார். உயரம் 5.17 மீட்டர். பேராலயத்தின் வெளிப்புறத்தில் உயரமான இடத்தில் நிறுத்துவதே முதல் நோக்கம். தலையும் கைகளும் உடலின் அளவுக்குச் சற்றே பெரிதாக இருப்பதற்கு இதனைக் காரணமாகக் கூறுவர்.

வேலை முடியும் தறுவாயில், சிலையை எங்கு நிறுத்துவது என்று ஆராய 1504 சனவரியில் ஓர் அவை கூடியது. லியோனார்டோ தாவின்சியும் போட்டிசெல்லியும் அவ்வவையில் இருந்தனர். முடிவில் அது குடியரசின் ஆட்சி மாளிகை வாயிலில் நிறுத்தப்பட்டது. 1494இல் மெடிச்சி குடும்பத்தை வெளியேற்றிவிட்டு மக்களாட்சி நடத்திய நகரம் அது. எனவே விவிலியத்தின் ஆட்டிடையன், அரக்கனை எதிர்க்கும் சிறு குடியரசின் உருவமாகிவிட்டான். கல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை. நின்ற இடம் பொருளை மாற்றிற்று.

சிற்பத்தின் உட்பொருளும் அதற்கு இடங்கொடுத்தது. முன்னர் தோனத்தெல்லோ வடித்த வெண்கலத் தாவீது கோலியாத்தின் துண்டித்த தலைமேல் கால் ஊன்றி நிற்கிறான். அது வெற்றிக்குப் பின்னுள்ள நிலை. பார்ஜெல்லோவில் இன்றும் காணலாம். மைக்கேலாஞ்சலோவின் தாவீதுக்குக் கீழே தலை எதுவும் இல்லை. கவண் தோளில் கிடக்கிறது. புருவம் நெரிந்திருக்கிறது. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. பகைவன் இன்னும் வரவில்லை, அல்லது இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கிறான். வெற்றியைப் பாடாமல் துணிவைப் பாடிய சிலை அது. அச்சத்தோடு விழித்திருந்த ஒரு குடியரசுக்கு இதனினும் பொருத்தமான காவலன் வேறு யார்?

வெயிலும் மழையும் 369 ஆண்டுகள் தாக்கின. 1527இல் நடந்த கலகத்தில் இடக்கை உடைந்தது, பின்னர் ஒட்டப்பட்டது. 1873இல் சிலையைக் காக்கக் கருதி அக்காதெமியாவுக்குக் கொண்டு சென்றனர். 1910இல் பழைய இடத்தில் ஒரு படி நிறுத்தப்பட்டது. இன்று உண்மைச் சிலை ஓரிடத்தில் உள்ளது; அதன் உண்மையான இடத்திலோ சிலையின் படியே உள்ளது. இரண்டையும் காணாதவர் ஒன்றையும் முழுமையாகக் கண்டவராகார்.

அக்காதெமியாவில் மற்றொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. தாவீதை நோக்கிச் செல்லும் கூடத்தின் இருமருங்கிலும், கல்லிலிருந்து பாதி வெளிப்பட்ட நிலையில் மைக்கேலாஞ்சலோவின் ‘அடிமைகள்’ நால்வர் நிற்கின்றனர். கல்லோடு போராடும் உருவங்களைக் கடந்து, கல்லை வென்ற முழுவுருவை அடைவதாக அவ்வமைப்பு ஒரு கதை சொல்கிறது. அக்கதை மனத்தைக் கவர்வது. ஆனால் காலமுறைக்கு மாறானது. அடிமைகள் தாவீதுக்குப் பின்னர்ச் செதுக்கப்பட்டவர்கள். போப்பாண்டவர் இரண்டாம் யூலியுசின் கல்லறைக்கென்று தொடங்கி நிறைவுறாது நின்று, பின்னர்ப் போபொலித் தோட்டத்துச் செயற்கைக் குகையில் பொருத்தப்பட்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்தவர்கள். கலைக்கூடம் படைப்புகளைக் காட்டுவதோடு நில்லாது, அவற்றை வரிசைப்படுத்தித் தானும் ஒரு கருத்தைச் சொல்கிறது. வரிசையை வரலாறென்று மயங்காமல் பிரித்தறிவது கற்றோர் கடன்.

பெயராத ஓவியங்கள்

இடம்பெயர்ந்ததே குறையெனின், பெயராத ஓவியங்கள் குறையற்றவை ஆதல் வேண்டும். அதனைச் சோதித்துப் பார்க்கச் சான் மார்க்கோ மடாலயம் உண்டு. மூத்த கோசிமோவின் பொருளுதவியால் மிக்கேலோட்சோ என்னும் கட்டடக் கலைஞர் அதனைப் புதுக்கிக் கட்டினார். வட்டித் தொழிலைத் திருச்சபை பாவமெனக் கருதிய காலத்தில், ஈட்டிய செல்வத்தைப் பற்றிய உறுத்தலே அவரை அறப்பணிக்குத் தூண்டியது என்று அக்காலத்து வாழ்க்கை வரலாற்றாசிரியர் வெசுபசியானோ குறிப்பிடுகிறார். 1438ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி, அம்மடத்துத் துறவியரில் ஒருவரான பிரா ஆஞ்சலிக்கோ தம் துணைவருடன் சுவர்களில் ஓவியம் தீட்டினார்.

மாடிப்படி ஏறியதும் எதிரே தெரிவது கபிரியேல் தூதன் மரியாளுக்கு நற்செய்தி உரைக்கும் காட்சி. அதன் அடியில், இவ்வுருவைக் கடந்து செல்வோர் அன்னைக்குரிய மங்கல வாழ்த்தைச் சொல்ல மறவாதீர் என்னும் கருத்தமைந்த வாசகம் எழுதப்பட்டுள்ளது. அப்பால் 40க்கும் மேற்பட்ட சிற்றறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு சாளரம்; அதன் அருகே ஈரச் சாந்தில் தீட்டிய ஓர் ஓவியம். ஆடம்பரம் இல்லை, பொன் இல்லை, கண்ணைப் பறிக்கும் கூட்டமும் இல்லை. சாளரம் புறவொளிக்கு, ஓவியம் அகவொளிக்கு எனலாம். கோசிமோ தமக்கென்று வைத்துக்கொண்ட இரட்டையறையில் மட்டும் வண்ணமும் மாந்தரும் மிகுந்து, இயேசுவை வணங்க வந்த கீழைநாட்டு அரசர் காட்சி இடம்பெறுகிறது. ஏவியவன் யார் என்பதைச் சுவரே காட்டிக்கொடுக்கிறது.

இவ்வோவியங்கள் ஓர் அங்குலமும் நகரவில்லை. எனினும் 1869இல் மடம் அருங்காட்சியகமாயிற்று. ஒரு துறவி ஓர் ஓவியத்தோடு பல்லாண்டு வாழ்ந்தார். இன்று வரும் பார்வையாளர் நாற்பது ஓவியங்களை அரைமணியில் கடக்கிறார். ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு எட்டிப் பார்த்துச் செல்லும் உரிமை அத்துறவிக்கு இல்லை. அதனாலேயே அவருக்கு அந்த ஓவியம் முழுமையாகக் கிடைத்தது. ஆகவே இடம் நிலைத்திருந்தும் இழப்பு நேர்கிறது. இழந்தது நேரம், இழந்தது பொறுமை. கலைக்கூடத்தின் மீது சுமத்தும் பழியில் ஒரு பெரும்பகுதி உண்மையில் காண்போரையே சாரும்.

வெள்ளமும் வெடிகுண்டும்

மூல இடத்திலேயே வைத்திருப்பது பாதுகாப்புக்கு உறுதியாகாது என்பதையும் இந்நகரம் துயருற்றுக் கற்றது. 1966 நவம்பர் 4ஆம் நாள் ஆர்னோ கரைபுரண்டது. சில தெருக்களில் நீர் 6 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. சாந்தா குரோச்சே கோவில் வளாகத்திலிருந்த சிமாபுவேயின் பெருஞ்சிலுவை சேற்றிலும் எண்ணெயிலும் மூழ்கி, தன் வண்ணத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை இழந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்வரை அச்சிலுவை ஊபிட்சியில் இருந்தது என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி. பிறந்த மனைக்குத் திரும்பியதே அதற்குக் கேடாக முடிந்தது.

பல நாட்டு இளைஞர்கள் வந்து சேற்றிலிருந்து நூல்களையும் ஓவியங்களையும் மீட்டனர். சீரமைப்போர் முன் அப்போது நின்ற வினா கடுமையானது. அழிந்த முகத்தை ஊகித்து வரைந்து நிரப்புவதா? வெறும் மரத்தை அப்படியே விடுவதா? முன்னது பொய், பின்னது புண். பால்தினியும் கசாட்சாவும் நடுவழி ஒன்று கண்டனர். எஞ்சிய வண்ணங்களின் இயல்புக்கேற்ப நுண்கோடுகளைப் பின்னி இழந்த பகுதிகளை நிரப்பினர். தொலைவிலிருந்து காண்போர்க்குச் சிலுவை முழுமையாகத் தோன்றும். அருகே வந்தால் எது சிமாபுவேயின் கை, எது பின்னோர் கை என்பது ஒளிவின்றித் தெரியும். பத்தாண்டுக்குப் பின் 1976இல் அச்சிலுவை மீண்டும் மக்கள் முன் வந்தது. பழைய சுவடியில் சிதைந்த அடியைத் தாமே இட்டு நிரப்பாமல், விடுபட்ட இடத்தைக் குறியிட்டுக் காட்டும் பதிப்பாசிரியரின் நேர்மைக்கு இது நிகர். அதே வெள்ளத்தில் மூழ்கிய வசாரியின் ‘இறுதி விருந்து’ ஓவியம் 50 ஆண்டுகள் கழித்து 2016இல்தான் திரும்பியது.

கலைக்கூடமும் அசையாக் கோட்டையன்று. 1993 மே 27ஆம் நாள் ஊபிட்சியின் அருகே மாஃபியா கும்பல் வைத்த வெடிகுண்டு ஐந்து உயிர்களைப் பறித்தது. மூன்று ஓவியங்கள் மீட்க இயலாதவாறு அழிந்தன. பொருளை எங்கு வைத்தாலும் காலமும் பகையும் தேடி வரும். ஆகவே, இடம்பெயர்த்தல் சரியா தவறா என்று பொதுப்பட முடிவு கூறுதல் பொருந்தாது. தாவீதைப் பெயர்த்தது தக்கது. சான் மார்க்கோ ஓவியங்களைப் பெயர்க்காதது தக்கது. ஒவ்வொன்றையும் அதனதன் நிலைவைத்தே தீர்மானிக்க வேண்டும்.

காணும் முறை

குவாத்ரமேரும் வலேரியும் கூறியவற்றில் உண்மை உண்டு. கலைக்கூடத்துச் சுவரில் ஒரு படைப்பு தன் சுற்றத்தை இழக்கிறது. ஆயின் இழந்த சுற்றத்தை அறிவால் மீட்டுத் தரலாம் என்பதை அவர்கள் போதிய அளவு எண்ணவில்லை. துச்சோவின் அன்னை முன்பு யார் நின்று பாடினர் என்று அறிந்தவர் காதில் அப்பாடல் மெல்லக் கேட்கத் தொடங்கும். தாவீது எந்த வாயிலில் நின்றான் என்று அறிந்தவர் அவன் நெரித்த புருவத்தில் ஒரு நகரத்தின் அச்சத்தைப் படிப்பர். அறிவின்றிக் காண்போர்க்குக் கோவிலும் காட்சிக்கூடமே. அறிந்து காண்போர்க்குக் காட்சிக்கூடமும் ஓரளவு கோவிலாகும்.

இப்பணியில் முதற்பொறுப்பு தமிழாசிரியர்க்கும் உண்டு. புளோரன்சுக்குச் செல்லும் வாய்ப்பு மாணவருள் மிகச் சிலர்க்கே வாய்க்கும். ஏனையோர்க்கு அச்சிட்ட படங்களே கலைக்கூடம். அச்சுப் படம் செய்யும் குறை கலைக்கூடம் செய்வதினும் பெரிது. நாலரை மீட்டர் அன்னையையும், துறவியின் அறையில் இருக்கும் சிற்றோவியத்தையும் அது ஒரே உள்ளங்கையளவில் அடக்கிவிடுகிறது. வழிபடத் தலை நிமிர்ந்ததும், தியானிக்க எதிரே அமர்ந்ததும் ஆகிய இரு வேறு நிலைகள் அங்கு ஒன்றாகிவிடுகின்றன.

அக்குறையைப் போக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கட்டுரைப் பாடவேளையில் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, இடம் எது, பொருள் எது, ஏவியவர் யார் என்று மாணவரை எழுதச் செய்யலாம். பள்ளிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் 5.17 மீட்டர் உயரத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக் காட்டலாம். அக்குறியை அண்ணாந்து நோக்கும் மாணவன், ஆட்டிடையன் ஒருவனை அவ்வளவு பெரிதாக ஒரு நகரம் ஏன் செய்து வைத்தது என்று கேட்பானாயின், திறனாய்வு அங்கேயே தொடங்கிவிட்டது.